பிள்ளைப்பேறும் தூய்மைச் சட்டமும்: லேவியராகமம் 12ஆம் அதிகாரச் சொற்கள் மொழிபெயர்ப்பில் அடைந்த பொருள் மாற்றம்

எபிரேய விவிலியத்தின் மூன்றாம் நூலாகிய லேவியராகமத்தில் மிகச் சிறிய அதிகாரம் 12ஆம் அதிகாரமாகும். எட்டே வசனங்கள் கொண்ட இப்பகுதி, பிள்ளை பெற்ற தாய் எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், அந்நாள்கள் கழிந்தபின் எவற்றைப் பலியாகக் கொணர வேண்டும் என்பவற்றை வரையறுக்கின்றது. ஆண் மகவாயின் முதல் ஏழு நாள் அவள் மாதவிலக்குக் காலத்துக்கு ஒப்பான தீட்டு உடையவள். எட்டாம் நாள் மகவுக்கு விருத்தசேதனம். அதன்பின் முப்பத்துமூன்று நாள் தூய பொருளைத் தொடுதலும் திருவிடத்துள் புகுதலும் ஆகா. பெண் மகவாயின் இவை இரட்டிக்கும்: பதினான்கு நாளும் அறுபத்தாறு நாளும். ஆக 40, 80 என்னும் இரு கணக்குகள். நாள் நிறைந்ததும் ஓராண்டு நிரம்பாத ஆட்டுக்குட்டி ஒன்றை எரிபலியாகவும், புறாக்குஞ்சு அல்லது காட்டுப்புறா ஒன்றை 'ஹத்தாத்' என்னும் பலியாகவும் அவள் குருவிடம் கொணர்தல் வேண்டும். ஆட்டுக்கு வசதியில்லாதவள் இரண்டு பறவைகளைக் கொணரலாம்.

சட்டம் இவ்வளவே. இதில் 'ஹத்தாத்' என்னும் ஒரு சொல்தான் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக உரையாசிரியர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் அலைக்கழித்து வந்துள்ளது. தமிழில் 1871இல் நிறைவுற்ற ஒருங்கிணைந்த மொழிபெயர்ப்பு இதனைப் 'பாவநிவாரணபலி' என்கிறது. குரு அவளுக்காகச் செய்யும் செயலைப் 'பாவநிவிர்த்தி' என்கிறது. இவற்றைப் படிக்கும் தமிழ் வாசகர் எவருக்கும் ஒரு வினா எழாமல் இராது: பிள்ளை பெற்றவள் செய்த பாவம் யாது? பலுகிப் பெருகுதலை இறைவனின் ஆசியாகக் கூறும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமும் இச்சட்டமும் குருக்கள் மரபு எனப்படும் ஒரே மூலத்தைச் சார்ந்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆசியென்று கூறியதையே பாவமென்று அம்மரபு கூறியிருக்குமா? வினா எழுந்த இடம் எபிரேய மூலமா, அதன் மொழிபெயர்ப்பா என்பதைப் பிரித்தறிதல் வேண்டும்.

'தும்ஆ' என்னும் நிலை

தாயின் நிலையைக் குறிக்கும் எபிரேயப் பெயர்ச்சொல் 'தும்ஆ'. இதற்கு எதிர்ச்சொல் 'தொஹொரா'. இவ்விரண்டும் அழுக்கையும் அழுக்கின்மையையும் குறிப்பன அல்ல. பிணத்தைத் தொட்டவன் குளித்த பின்னும் மாலை வரை, சில நிலைகளில் ஏழு நாள் வரை, 'தும்ஆ' உடையவனே. பெற்றோரை அடக்கம் செய்தல் கடமை. அக்கடமையைச் செய்தவன் தீட்டுப்படுகிறான். கணவனும் மனைவியும் கூடுதல் சட்டம் ஏற்ற செயல். அதன்பின் இருவரும் மாலைவரை தீட்டுப்பட்டவர்கள். ஆகவே 'தும்ஆ' குற்றத்தின் விளைவன்று. பெரும்பாலும் இயல்பான வாழ்வில், சில வேளைகளில் விரும்பத்தக்க செயலிலேயே, ஏற்படும் ஒரு நிலை. அந்நிலையில் இருப்பதற்குத் தடையில்லை. அந்நிலையோடு திருவிடத்தை அணுகுவதற்கே தடை. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி இக்காரணத்தை வெளிப்படையாகவே சுட்டுகிறது: காக்கப்பட வேண்டியது இறைவனின் உறைவிடம்.

இந்த வேறுபாட்டை அண்மைக்கால ஆய்வில் தெளிவுபடுத்தியவர்களுள் ஜானதன் கிளாவன்ஸ் குறிப்பிடத்தக்கவர். 2000ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் சடங்குத் தீட்டு, ஒழுக்கத் தீட்டு என இரண்டைப் பிரிக்கிறார். கொலை, சிலைவணக்கம், முறைதவறிய உறவு ஆகியவற்றால் வருவது இரண்டாவது; அது தொடுதலால் பரவாது, குளியலால் நீங்காது. பிள்ளைப்பேறு முதலியவற்றால் வருவது முதலாவது. தொடுதலால் பரவும், காலத்தாலும் நீராலும் பலியாலும் நீங்கும். எபிரேயம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியதே பிற்காலக் குழப்பத்திற்கு ஒரு காரணம்.

பிள்ளைப்பேறு ஏன் இவ்வரிசையில் சேர்ந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உள. மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய நூல் தீட்டை ஒழுங்கின் எல்லைகளோடு தொடர்புபடுத்திற்று. ஜேக்கப் மில்குரோம் 1991இல் வெளியிட்ட லேவியராகம விரிவுரையில், பிணம், தோல்நோய், விந்து, உதிரம் ஆகிய நான்கையும் இணைப்பது சாவின் சாயல் என்றார். உதிரம் உயிரின் இருப்பிடம். அது உடலை விட்டு ஒழுகும்போது உயிர் ஒழுகுகிறது. புதிய உயிரைத் தந்தவள் தன் உயிர்ப்பொருளை இழந்து நிற்கிறாள் என்னும் இவ்விளக்கத்தில், பழங்காலப் பேறுகாலத்தில் தாய் சாவின் விளிம்புவரை சென்று மீண்டவள் என்னும் உண்மையும் அடங்கும். இவ்வதிகாரம் தாயின் உதிரப்போக்கைச் சுட்டுமிடத்து 'மாகோர்' என்னும் சொல்லை ஆள்கிறது. 'ஊற்று' என்பது அதன் பொருள். எரேமியா 2ஆம் அதிகாரம் இறைவனை உயிருள்ள நீரின் ஊற்றாக உருவகிக்கும் இடத்திலும் இதே சொல்லே வருகிறது. இழிவுப் பொருளுடைய சொல்லாயின் அவ்விடத்தில் அது வந்திராது.

தூய உதிரமும் தூய்மையற்ற உதிரமும்

இரு கட்டங்களாகப் பிரிந்த நாள்கணக்கில் இரண்டாம் கட்டத்துக்கு எபிரேயம் தரும் பெயர் விந்தையானது. முப்பத்துமூன்று நாளும் தாய் 'தெமே தொஹொரா'வில் இருக்கிறாள். 'தூய்மையின் உதிரம்' என்றோ 'தூய்மையாதலின் உதிரம்' என்றோ இதற்குப் பொருள் கொள்ளலாம். உதிரம் ஒழுகுகிறது, ஆயினும் அது முதற்கட்டத்து உதிரம் போலத் தீட்டுப் பரப்புவதன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் செய்யப்பட்ட எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'தூய்மையற்ற உதிரம்' என எழுதியுள்ளது. மூலத்திற்கு நேர் எதிர்ப்பொருள். மொழிபெயர்ப்பாளர் முன் இருந்த ஏடு வேறுபட்டிருக்கலாம். அல்லது உதிரமும் தூய்மையும் ஒரு தொடரில் இணைவது அவருக்கு எழுத்துப்பிழையாகத் தோன்றியிருக்கலாம். எவ்வாறாயினும், கிரேக்கம் வழியாக விவிலியத்தைப் பெற்ற சமூகங்களுக்கு நாற்பது நாளும் ஒரே நிறமுடையதாயிற்று. பின்னர் ஜெரோம் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் எபிரேயத்தைத் தழுவித் 'தூய்மையாதலின் உதிரம்' என்று மீட்டார்.

இது சொல்லாய்வு அளவில் நின்றதன்று. மூலச்சொல்லை உள்ளவாறே கொண்ட யூத ரபிமார், இரண்டாம் கட்டத்து உதிரம் தூயது, அக்காலத்தில் கணவன் மனைவியர் உறவுக்குச் சட்டத்தில் தடையில்லை என்றனர். ரபிமாரின் வாய்மொழி மரபை ஏற்காத காராய்த்துகள் அதே எபிரேய ஏட்டையே கொண்டு நாற்பது, எண்பது நாள் முழுவதும் தீட்டே என்றனர். எத்தியோப்பியாவின் பேத்தா இஸ்ரவேல் மக்கள் தாயை நாற்பது அல்லது எண்பது நாள் ஊருக்குப் புறம்பான குடிலில் இருத்தும் வழக்கம் உடையவராய் இருந்தனர். அவர்களின் கீயெஸ் மொழி விவிலியம் கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. வழக்கத்தை மொழிபெயர்ப்பே உண்டாக்கிற்று என்று கூறுதல் மிகையாகும். காராய்த்துகளின் நிலை அதை மறுக்கும். ஆனால் ஒரு மொழிபெயர்ப்பு எந்த வழக்கத்திற்கு இடந்தரும், எதற்கு இடந்தராது என்பதை இது காட்டுகிறது.

பெண் மகவுக்கு ஏன் இரட்டிப்பு என்பதற்கு மூலத்தில் காரணம் கூறப்படவில்லை. விளக்கம் தேடியவர்களோ பலர். கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகிய யூபிலி நூல், ஆதாம் படைக்கப்பட்ட நாற்பதாம் நாளும் ஏவாள் எண்பதாம் நாளும் ஏதேனுக்குள் கொணரப்பட்டனர் என்று கதை அமைத்தது. மிஷ்னாவின் 'நித்தா' பகுதியில் ரபி இஸ்மவேல், ஆண் கரு 41 நாளிலும் பெண் கரு 81 நாளிலும் உருப்பெறும் என்றார். ஏனைய அறிஞர் இரண்டும் 41 நாளே என மறுத்தனர். கிரேக்க மருத்துவ மரபிலும் இவ்வெண்ணம் உண்டு. இப்போக்கிரேத்தசின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று, பேற்றுக்குப் பின் உதிரப்போக்கு ஆண் மகவாயின் 30 நாளும் பெண் மகவாயின் 42 நாளும் நீடிக்கும் என்கிறது. இத்தைத்துப் பேறுகாலச் சடங்கு ஏடு ஒன்று ஆண் மகவுக்கு மூன்றாம் மாதத்தையும் பெண் மகவுக்கு நான்காம் மாதத்தையும் தூய்மைக்குக் குறிக்கிறது. இவற்றை நோக்க, ஆண் பெண் மகவுக்கு நாள்கணக்கில் வேறுபாடு கற்பித்தல் பண்டை நடுநிலக்கடல் நாடுகளில் பரவியிருந்த எண்ணம் என்பது புலனாகும். லேவியராகமத்தில் மட்டும் நோக்கத்தக்க ஒன்று உண்டு: இறுதியில் கொணரும் பலி மகனுக்கும் மகளுக்கும் ஒன்றே என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது. நாள் இரட்டித்தது, பலி இரட்டிக்கவில்லை. நாளின் அளவு பழியின் அளவாயின் பலியும் இரட்டித்திருக்க வேண்டும்.

'ஹத்தாத்': பாவமா, பாவமகற்றலா, தூய்மையா?

'ஹ-த்-அ' என்னும் வேர் எளிய வினைவடிவில் 'தவறுதல், பாவம் செய்தல்' எனப் பொருள்படும். 'ஹத்தாத்' என்னும் பெயர் விவிலியத்தில் பாவத்தையே குறிக்கும் இடங்கள் பல. அதே பெயர் ஒரு பலிவகைக்கும் உரியது. எழுபதின்மர் இப்பலியைப் 'பெரி ஹமர்தியாஸ்', அதாவது 'பாவம் பற்றியது', என்றனர். இலத்தீன் 'ப்ரோ பெக்காத்தோ' என்றது. லூத்தரின் செருமன் மொழிபெயர்ப்பும் 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் இவ்வழியே சென்று 'பாவப்பலி' எனப் பொருள்படும் தொடர்களை வழங்கின. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தாமாகப் புதுவழி கண்டவர் அல்லர். நீண்ட ஊர்வலத்தின் இறுதியில் வந்து சேர்ந்தவர்.

1971இல் மில்குரோம் எழுதிய சிறு கட்டுரை இவ்வழியை மறித்தது. அவருடைய வாதம் முதன்மையாக உருபனியல் சார்ந்தது. 'ஹத்தாத்' என்னும் பெயரில் நடுமெய் இரட்டித்துள்ளது. எபிரேயத்தில் நடுமெய் இரட்டிக்கும் வினைவடிவம் 'பிஏல்' எனப்படும். இவ்வேரின் பிஏல் வடிவமாகிய 'ஹித்தே' பாவம் செய்தலைக் குறிப்பதன்று. பாவத்தை, அல்லது கறையை, நீக்குதலைக் குறிப்பது. பிஏல் வடிவம் பெயர் சுட்டும் பொருளை அகற்றுதலை உணர்த்தும் சான்றுகள் வேறும் உள: சாம்பலைக் குறிக்கும் 'தெஷென்' என்பதிலிருந்து பலிபீடத்துச் சாம்பலை அகற்றுதலைக் குறிக்கும் 'திஷ்ஷேன்', வேரைக் குறிக்கும் 'ஷோரெஷ்' என்பதிலிருந்து வேரறுத்தலைக் குறிக்கும் 'ஷேரேஷ்'. தமிழில் 'களை' என்னும் சொல் பெயராகி நிற்குங்கால் பயிரிடை முளைத்த பூண்டையும், வினையாகி நிற்குங்கால் அதனை நீக்குதலையும் குறித்தல் இவ்விடத்து ஒப்புநோக்கற்குரியது. சொற்பிறப்பின் திசை இரு மொழியிலும் ஒன்றன்று. ஆயினும் நீக்கப்படுவதும் நீக்கலும் ஒரே சொல்லுருவில் உறைவது தமிழறிந்தார்க்குப் புதிதன்று.

உருபனியலுக்குத் துணைநிற்கும் பயன்பாட்டுச் சான்றுகள் இன்னும் வலியன. புதிதாக அமைத்த பலிபீடத்திற்கு ஹத்தாத் செலுத்தப்படுகிறது. கல்லும் வெண்கலமும் பாவம் செய்வதில்லை. நேர்ச்சைக் காலத்தைக் குறைவின்றி நிறைவேற்றிய நசரேயன் ஹத்தாத் செலுத்துகிறான். அவனிடம் குற்றமில்லை என்பதே அச்சடங்கின் காரணம். ஹத்தாத்தின் உதிரம் பலிபீடத்தில் பூசப்படுகிறது அல்லது தெளிக்கப்படுகிறது. செலுத்தியவர் மேல் பூசப்படுவதில்லை. இவற்றினும் தெளிவானது சட்டத்தின் முடிவுத்தொடர். 4ஆம் அதிகாரத்தில் அறியாமல் பிழைசெய்தவர்கள் ஹத்தாத் செலுத்தும்போது, 'மன்னிக்கப்படும்' எனப் பொருள்படும் வினை மீண்டும் மீண்டும் முடிவாக வருகிறது. 12ஆம் அதிகாரத்தில் அவ்வினை இல்லை. தாய் தூய்மையாவாள் என்றே சட்டம் முடிகிறது. மன்னிப்பு வேண்டியவளாக அவள் கருதப்படவில்லை என்பதற்கு இவ்வினைத்தேர்வே போதிய சான்று.

மில்குரோமின் விளக்கம் முழுவதையும் எல்லாரும் ஏற்றனர் எனல் ஆகாது. ஹத்தாத் தூய்மைப்படுத்துவது திருவிடத்தையா, செலுத்துபவரையா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. ராய் கேன் 2005இல் வெளியிட்ட நூலில், ஆண்டு முழுதும் நிகழும் ஹத்தாத் செலுத்துபவரிடமிருந்தே தீட்டை அகற்றுகிறது என்று வாதிட்டார்; தாய் தன் உதிர ஊற்றினின்று தூய்மையாவாள் என வரும் நீங்கற்பொருள் இடைச்சொல்லை அதற்குச் சான்றாக்கினார். இருவரில் எவர் கூற்றை ஏற்பினும் பிள்ளைபெற்றவள் பாவி என்னும் முடிவுக்கு இடமில்லை.

'கிப்பேர்' என்னும் வினையும் இத்தகையதே. அதற்கு 'மூடுதல்' எனவும் 'ஈடு செலுத்துதல்' எனவும் பொருள் கூறியவர் உண்டு. அக்காதிய மொழியின் 'குப்புரு' என்னும் இனச்சொல் துடைத்தலையும் சடங்குமுறைத் தூய்மையாக்கலையும் குறிக்கிறது. பாபிலோனியப் புத்தாண்டு விழாவில் ஆட்டின் உடலால் கோயிலறையைத் துடைக்கும் சடங்கு இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. எப்பொருளைக் கொண்டாலும் 'பாவம்' என்னும் கூறு இவ்வினையின் உள்ளே இல்லை. செயப்படுபொருள் தேவைப்படும் இடத்தில் எபிரேயம் தனிச்சொல்லாய்ச் சேர்த்துக்கொள்ளும். 12ஆம் அதிகாரத்தில் சேர்க்கவில்லை.

சொல்லின் பின்விளைவுகள்

எபிரேயம் அறிந்தவர்களையும் இச்சொல் இடறிற்று. பாபிலோனியத் தல்மூதின் 'நித்தா' பகுதியில், தாய் ஏன் பலி கொணர வேண்டும் என மாணவர் வினவ, ரபி சிமியோன் பர் யோகாய் விடையளிக்கிறார்: பேறுவலியில் குனிந்திருக்கும் வேளையில் இனிக் கணவனை அணுகேன் என்று அவள் பதறி ஆணையிடுகிறாள், அவ்வாணையை மீறப்போவதற்கே பலி. ரபி யோசேப் உடனே தடை எழுப்புகிறார்: ஆணை பற்றியதாயின் செலுத்தவேண்டிய பலியின் வகையே வேறாகுமே. பலியின் பெயர் பாவத்தை ஒலிப்பதால் ஒரு பாவத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. கண்டுபிடித்ததும் மகப்பேற்றைவிட்டு விலகிய, சிறியதோர் ஆணைக்குற்றம். பேறுவலியை அருகிருந்து கேட்டவர் ஒருவரின் பரிவு இவ்விளக்கத்தில் தொனிப்பதை மறுக்க இயலாது.

கிரேக்கம் படித்த ஒரிகேன் சென்ற வழி வேறு. 3ஆம் நூற்றாண்டில் லேவியராகமம் பற்றி அவர் ஆற்றிய எட்டாம் மறையுரை, ரூபினுவின் இலத்தீன் வடிவில் கிடைப்பது, பிறப்பிலேயே கறை உண்டு என்பதற்கு இவ்வதிகாரத்தைச் சான்றாக்குகிறது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் வழக்கத்தையும் அதனோடு இணைக்கிறது. தாயைச் சுட்டிய சொல் மகவின் மேல் ஏறியது இவ்வாறே. மூலத்திலோ மகவின் தீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எதிர்க்குரலும் எழுந்தது. திருத்தந்தை பெரிய கிரகோரியார் காந்தர்பரி அகுஸ்தீனின் வினாக்களுக்கு அளித்ததாகப் பீட் தம் வரலாற்று நூலில் பதிந்துள்ள விடைகளில், பிள்ளைபெற்றவள் அந்நாழிகையிலேயே நன்றி செலுத்தக் கோயிலுக்குள் வந்தாலும் குற்றமில்லை என்னும் கருத்து உள்ளது. ஆயினும் மேற்குக் கிறித்தவத்தில் தாய் நாற்பது நாள் கழித்துக் கோயிலுக்கு வரும் சடங்கு நிலைத்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுப் பொதுவழிபாட்டு நூல் அதனைப் 'பெண்களின் தூய்மையாக்கம்' எனப் பெயரிட்டது. மூன்றே ஆண்டுகளில், 1552இல், அப்பெயர் நீக்கப்பட்டுப் 'பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெண்களின் நன்றியறிதல்' ஆயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையும் பெப்ருவரி 2ஆம் நாள் திருவிழாவை மரியாளின் தூய்மையாக்கம் என்றழைத்து வந்து, 1969 நாள்காட்டிச் சீர்திருத்தத்தில் ஆண்டவரின் காணிக்கை விழா என மாற்றியது. பெயர் மாற்றங்களில் வெளிப்படும் கூச்சம் கவனிக்கத்தக்கது.

அத்திருவிழாவுக்கு அடிப்படையாகிய லூக்கா 2ஆம் அதிகாரத்திலும் ஒரு சொல் இடறல் உண்டு. பெரும்பாலான கிரேக்க ஏடுகளில் 'அவர்களுடைய' தூய்மையாக்கம் என்றுள்ளது. லேவியராகமத்தின்படி தாய்க்கு மட்டுமே தூய்மையாக்கம். ஆகவே பேசா ஏடு 'அவனுடைய' என்றது. 1611 ஆங்கிலப் பதிப்பு 'அவளுடைய' என்றது. மரியாள் கொணர்ந்தவை வறியவர்க்குரிய பறவைகள் இரண்டு. அவற்றைக் குறிக்குமிடத்து லூக்கா 'பலி' என்று மட்டும் கூறிப் பாவத்தைச் சுட்டாமல் விடுவது தற்செயலோ, தெரிந்து செய்ததோ, மொழிபெயர்ப்பாளர் அதனைக் காத்தல் கடன்.

தமிழில் நேர்ந்தது

சீகன்பால்கு 1719இல் இறக்கும்போது பழைய ஏற்பாட்டை ரூத்தாகமம் வரை தமிழாக்கியிருந்தார். எஞ்சியதைச் சூல்சு முடித்து 1728க்குள் அச்சேற்றினார். பெப்ரிசியசின் பழைய ஏற்பாடு 1796இல் நிறைவுற்றது. பவர் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டுப் பதிப்பே சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெரிதும் ஓதப்படுவது.

'தும்ஆ'வுக்கு அப்பதிப்பு கொண்ட சொல் 'தீட்டு'. இத்தேர்வு பாராட்டுக்குரியது. ஆங்கிலத்தின் 'அன்க்ளீன்' என்னும் சொல் அழுக்கை நினைவூட்டுவது. கிரேக்கத்தின் 'அகதார்த்தோஸ்' தீய ஆவிகளுக்கும் அடையானது. தமிழ்த் 'தீட்டு'வோ 'தீண்டு' என்னும் வினையோடு உறவுடையது. தொடுதலால் பரவுவது, குறித்த நாளில் கழிவது, குற்றமின்றியும் நேர்வது. பிள்ளைபெற்ற வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே சொல் வழங்குவது போலவே எபிரேயத்திலும் ஒரே சொல் வழங்குகிறது. ஐரோப்பிய மொழிகளுக்கு வாய்க்காத நேர்ச்சொல் தமிழுக்கு வாய்த்தது. ஆயினும் இச்சொல்லோடு இரண்டு வேண்டாப் பொருள்கள் உடன்வருவதை மறைத்தல் ஆகாது. பிறப்பால் ஒரு குலத்தார்மேல் நிலையாக ஏற்றப்பட்ட தீண்டாமையின் நிழல் ஒன்று. எபிரேயத் 'தும்ஆ' எக்குடிப்பிறப்புக்கும் உரியதன்று, எவர்க்கும் வந்து நீங்குவது. உறவினர்க்கும் பரவும் தீட்டு மற்றொன்று. மனுநூலின் 5ஆம் அதிகாரம் பிறப்புத் தீட்டு உறவினர் அனைவர்க்குமா, பெற்றோர்க்கு மட்டுமா, தாய்க்கு மட்டுமா என ஆராய்வதைக் காணலாம். லேவியராகமத்தில் இவ்வினாவே எழவில்லை, தந்தை பேசப்படுவதில்லை.

அதே வசனத்தில் 'நித்தா'வுக்கு 'சூதகம்' என்னும் சொல் அடியாகப் பெயர் அமைத்தது சொல்வரலாற்றின் ஒரு வேடிக்கை. வடமொழியில் 'சூதகம்' ஈனுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து பிறப்புத் தீட்டையே குறிப்பது. தமிழில் அது மாதவிலக்கையும் குறிக்கலாயிற்று. பிள்ளைப்பேற்றின் தீட்டு மாதவிலக்கின் தீட்டுப் போன்றது என்று கூறவந்த இடத்தில், உவமையாகிய மாதவிலக்குக்குப் பிள்ளைப்பேற்றுக்குரிய வடசொல் அமைந்துவிட்டது. பொருள் கெடவில்லை, உவமையின் இரு பக்கமும் சொல்லளவில் ஒன்றாகிவிட்டன. தொல்காப்பிய உரியியல் ஈன்றணிமைப் பொருளதாகக் காட்டும் 'புனிறு' இம்மொழிபெயர்ப்பாளர்களின் காலத்தில் பேச்சிலிருந்து மறைந்திராவிடில், தாயின் நாள்களைக் குறிக்க இதனினும் தூய சொல் கிடைத்திராது.

'தீட்டு' என்னும் தேர்வால் பெற்றதைப் 'பாவநிவாரணபலி'யும் 'பாவநிவிர்த்தி'யும் இழக்கச் செய்தன. எபிரேயத்தில் 'ஹத்தாத்' இருபொருட்பட நிற்கிறது. 'கிப்பேர்' பாவத்தைக் குறிப்பிடாமலே நிற்கிறது. தமிழில் தொகைச்சொல் ஆக்கியபோது முன்மொழியாகப் 'பாவ' என்பது வெளிப்பட்டு நின்றது. நிவாரணம், நிவிர்த்தி என்னும் பின்மொழிகள் மட்டும் போதியனவாய் இருந்திருக்கும். பிழைசெய்தவன் 4ஆம் அதிகாரத்தில் பெறும் அதே தொடரைப் பிள்ளைபெற்றவள் 12ஆம் அதிகாரத்தில் பெறுகிறாள். இரண்டையும் வேறுபடுத்தும் வினைமுற்று ஒன்று, மன்னிப்பும் தூய்மையும், இவ்வுரத்த முன்மொழியின் அடியில் செவிக்கு எட்டாமற் போகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் நல்ல தமிழில் 'பாவம் போக்கும் பலி' என்றதேயன்றி முன்மொழியை மாற்றவில்லை. ஆங்கிலத்தில் 2011இல் வெளிவந்த இரு மொழிபெயர்ப்புகள், பொது ஆங்கில விவிலியமும் திருத்திய புதிய அமெரிக்க விவிலியமும், 'தூய்மையாக்கும் பலி' எனப் பொருள்படும் தொடருக்கு மாறிவிட்டன.

மாற்றம் எளிதன்று. 'தூய்மைப் பலி' எனின் 12ஆம் அதிகாரம் சீர்பெறும். ஆனால் 4ஆம் அதிகாரத்தில் பிழைக்கும் பலிக்கும் இடையே மூலத்தில் கேட்கும் ஒலித்தொடர்பு அறுபடும். ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே பெயர்ப்புச்சொல் என்னும் நெறியைக் கைவிட்டு இரண்டிடத்தில் இரண்டு சொல் ஆளின், இரண்டும் ஒரே பலி என்பதை வாசகர் அறியார். 'தீட்டுக் கழிக்கும் பலி' என்பது வழக்கில் வேரூன்றிய வினையைக் கொண்டது. பெண்கள் நாவில் பழகியது. பலிபீடத்திற்கும் நசரேயனுக்கும் தாய்க்கும் ஓரளவு பொருந்துவது. வீடு மெழுகி, துணி வெளுத்து, உறவினரும் தலைமுழுகும் காட்சியையும் அது உடன்கொணரும். அக்காட்சியை அடிக்குறிப்பால் விலக்குதல் கூடும். 'பாவ' என்னும் முன்மொழியை அடிக்குறிப்பால் விலக்க முயன்றால், கோயிலில் உரக்க வாசிக்கக் கேட்பவளுக்கு அடிக்குறிப்பு எட்டுவதில்லை.